விளையாட்டு நூலுக்கு ஒரு விருது வைப்பதென்றால்

ஹட்டனில் ஒரு வாசகர் வட்டமோ பதுளையில் ஒரு பழைய மாணவர் சங்கமோ விளையாட்டு நூல்களுக்கு ஆண்டு விருது வைக்க நினைத்தால், அமெரிக்காவின் பேஸ்போல் நூல் விருதுகளை முதலில் பார்ப்பது நல்லது. கிரிக்கெட் நாட்டில் பேஸ்போல் எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒரு விளையாட்டைப் பற்றிய நூல்களுக்கென்றே அங்கே பல விருதுகள் நெடுங்காலமாக நடக்கின்றன. இதில் வரக்கூடிய சிக்கல்கள் பலவற்றை அவர்கள் ஏற்கெனவே பட்டுத் தெளிந்துவிட்டார்கள். நடத்துவோரும் பெரிய இடத்துக்காரர்கள் இல்லை. கேசி விருதை 1983 முதல் வழங்குவது சின்சினாட்டியின் 'ஸ்பிட்போல்' என்ற சிற்றிதழ். சீமோர் பதக்கத்தை 1996 முதல் வழங்குவது, 1971இல் கூப்பர்ஸ்டவுனில் ஆர்வலர்கள் சிலர் கூடித் தொடங்கிய அமெரிக்க பேஸ்போல் ஆய்வுச் சங்கம்.

எல்லை

விருதின் எல்லையை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் வேலையைத் தொடங்க வேண்டாம். சீமோர் பதக்கம் முந்தைய ஆண்டில் வெளிவந்த பேஸ்போல் வரலாறு அல்லது வாழ்க்கை வரலாற்று நூலுக்கு மட்டும். சொந்த ஆய்வு இருக்க வேண்டும், தகவல் பிழையற்றிருக்க வேண்டும், எழுத்தும் சிறந்திருக்க வேண்டும். அதே சங்கத்தின் ஒரு குழு வழங்கும் லாரி ரிட்டர் விருது இன்னும் குறுகியது: 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுக்காலப் பேஸ்போலைப் பற்றிய நூல்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். கேசி விருது இதற்கு எதிர்ப்பக்கம்: பேஸ்போல் பற்றியதாக இருந்தால் நாவலும் போட்டியிடலாம்.

மலையகத்தில் எல்லையை மிகக் குறுக்கினால் நூலே கிடைக்காது. தமிழில் விளையாட்டைப் பற்றி ஓர் ஆண்டில் வெளிவரும் நூல்கள் சொற்பம். ஆகவே மூன்று வாசல்களைத் திறந்து வையுங்கள். ஒன்று, இலங்கையில் வெளியான தமிழ் விளையாட்டு நூல். இரண்டு, பாடசாலை அல்லது கழகத்தின் நூற்றாண்டு மலர், விளையாட்டு மலர். மூன்று, அச்சேறாத கையெழுத்துப் பிரதி. கடைசியானதைக் குறைவாக எடைபோட வேண்டாம். ஷெஹான் கருணாதிலக்கவின் கிரிக்கெட் நாவலான 'சைனாமேன்' இலங்கையின் ஆங்கில இலக்கியத்துக்கான கிரேஷியன் பரிசை 2008ஆம் ஆண்டுக்காகப் பெற்றது கையெழுத்துப் பிரதியாக இருந்தபோதுதான். அப்படியும் நூல்கள் போதாவிட்டால், விருதை ஈராண்டுக்கு ஒருமுறை ஆக்குங்கள்.

978-955 அல்லது 978-624 என்று தொடங்கும் இலங்கை ஐ.எஸ்.பி.என். (சர்வதேச நூல் எண்) இருந்தால் வெளியான ஆண்டை உறுதிப்படுத்துவது சுலபம். ஆனால் அதைக் கட்டாயமாக்க வேண்டாம், மலர்களில் பாதி அங்கேயே விழுந்துவிடும். அச்சக ரசீதின் பிரதி போதும்.

நான்கு படைப்புகளுக்குக் குறைவாக வந்தால் அந்த ஆண்டு விருது இல்லை என்பதையும், தகுதியானது இல்லையென நடுவர்கள் ஒருமனதாகச் சொன்னால் வழங்குவதில்லை என்பதையும் முதல் ஆண்டிலேயே எழுதிவிடுங்கள். பிறகு சேர்த்தால் யாரையோ விலக்கச் சேர்த்ததாகத்தான் பேச்சு வரும்.

பெயர்

ஊரில் மதிக்கப்பட்ட ஒருவரின் பெயரை விருதுக்கு வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. பொறுங்கள். அமெரிக்க பேஸ்போல் எழுத்தாளர் சங்கம் 1962இல் வாழ்நாள் பணிக்கான ஒரு விருதை நிறுவி, 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' இதழின் அதிபர் ஜே. ஜி. டெய்லர் ஸ்பிங்க் பெயரைச் சூட்டியது. கறுப்பின வீரர்களைச் சேர்ப்பதை எதிர்த்த அவருடைய நிலைப்பாடு பின்னர் பெரிய விவாதமாகி, 2021இல் அந்தப் பெயரை உறுப்பினர்களே வாக்களித்து நீக்கினார்கள். பழைய கேடயங்களில் ஒரு பெயர், புதியவற்றில் வேறு பெயர் என்று இருப்பது யாருக்கும் நல்லதல்ல. இடத்தின் பெயரோ வட்டத்தின் பெயரோ போதும். பணம் கொடுப்பவர் பெயர் சான்றிதழின் அடியில் வரட்டும், தலைப்பில் வேண்டாம். அவர் அடுத்த ஆண்டு கொடுக்காமலும் விடலாமே.

யார் எழுதியது?

சீமோர் பதக்கத்தின் முழுப் பெயரில் இருவர் இருக்கிறார்கள்: ஹரோல்ட் சீமோர், அவர் மனைவி டொரதி. பேஸ்போலின் மூன்று தொகுதி வரலாறு நெடுங்காலம் கணவர் பெயரில் மட்டுமே வெளிவந்தது. சேர்ந்து ஆய்வு செய்தவர், சேர்ந்து எழுதியவர் டொரதி என்பது பின்னர்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நம் மலர்களிலும் இதுவே நடக்கிறது. ஓர் ஆசிரியை முதிய வீரர்களைப் பேட்டி காண்பார், ஒரு பழைய மாணவர் பழைய ஸ்கோர் புத்தகங்களைத் தேடியெடுப்பார், அட்டையில் மலர்க்குழுத் தலைவர் பெயர் நிற்கும்.

ஆகவே விண்ணப்பப் படிவத்தில் நான்கு வரிகள் தனித்தனியே வேண்டும்: தகவல் திரட்டியவர், பேட்டி கண்டவர், எழுதியவர், படம் எடுத்தவர். ஒவ்வொருவரும் கையொப்பமிட வேண்டும். சான்றிதழில் பெயரும் தலைப்பெழுத்தும் அவர்களே படிவத்தில் எழுதிய எழுத்துக்கூட்டலில்தான் வர வேண்டும். தோட்ட முகவரிக்கு வரும் கடிதங்கள் பல இடங்களில் தோட்ட அலுவலகம் வழியாகவே போய்ச் சேரும், அதனால் தாமதமாகும். தொலைபேசி இலக்கத்தையும், விரும்பினால் பாடசாலை முகவரி ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரதிகள்

ஒரு நூலுக்கு ஐந்து பிரதிகள் தேவை: நடுவர்களுக்கு மூன்று, அமைப்பாளருக்கு ஒன்று, வாசிகசாலைக்கு ஒன்று. ஐந்தையும் இலவசமாகக் கேட்காதீர்கள். சொந்தப் பணத்தில் 300 பிரதி அச்சிட்டவருக்கு அது சுமை. இரண்டைக் கேளுங்கள், மூன்றை விலைக்கு வாங்குங்கள். கையெழுத்துப் பிரதியை பி.டி.எப். ஆக வாங்கினால் எழுத்துரு குழம்பாது.

நடுவர்களும் கணக்கும்

நடுவர் மூவர்: இலக்கியம் அறிந்தவர் ஒருவர், புள்ளிவிபரமும் வரலாறும் அறிந்தவர் ஒருவர், விளையாடியவர் அல்லது பயிற்றுவித்தவர் ஒருவர். மூவரில் இருவரையாவது ஆண்டுதோறும் மாற்றுங்கள். மலையகம் சின்ன உலகம். எழுதியவர் நடுவரின் மாணவராகவோ மைத்துனராகவோ இருப்பது சகஜம். அந்த நூலுக்கு மட்டும் அவர் விலகி, முன்பே நியமித்த மாற்று நடுவர் வாசிக்க வேண்டும். பணம் கொடுத்தவர் நடுவராக முடியாது.

நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட்டுக் கூட்டும் வழக்கம்தான் அதிகம் தவறுகிறது. முதல் நூலுக்கு மூவரும் 92, 88, 45 என்றும், இரண்டாம் நூலுக்கு 90, 86, 80 என்றும் போட்டதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 225, 256. இரண்டாம் நூல் வெல்கிறது. ஆனால் மூவரில் இருவர் முதல் நூலையே மேலானதென்றார்கள்! புள்ளியைத் தாராளமாக ஏற்றி இறக்கும் ஒருவர் முடிவைத் தனியே எழுதிவிடுகிறார். புள்ளிக்குப் பதில் தரவரிசை கேளுங்கள். முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2. குறைந்த கூட்டுத்தொகை வெல்லும். மேலே உள்ளதில் 4க்கு 5 என்று முதல் நூலுக்குத்தான் விருது. சமமாக வந்தால் மூவரும் கூடிப் பேசட்டும். பரிசைப் பாதியாகப் பிரிப்பது இருவரையும் மனக்குறையோடு அனுப்புவதாகும்.

தகவல் சோதனை

இறுதிப் பட்டியலில் ஐந்து நூல்கள் இருந்தால் ஒவ்வொன்றிலும் பத்துத் தகவல்களை எடுத்துச் சரிபாருங்கள். ஸ்கோர் அட்டைகள் தம் பிழையைத் தாமே காட்டிக்கொடுக்கும். கிரிக்கெட்டில் துடுப்பாட்டக்காரர்களின் ஓட்டங்களோடு உதிரிகளைக் கூட்டினால் அணியின் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ஓட்டங்களோடு பை, லெக் பை, தண்ட ஓட்டங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்தாலும் அதே மொத்தம். பேஸ்போலுக்கும் இப்படியொரு சமன்பாடு உண்டு. அணியின் துடுப்பாட்ட முறைகள், இலவசமாகப் பெற்ற தளங்கள், உடம்பில் பந்து பட்டவர்கள், தியாக அடிகள், இடையூறால் முதல் தளம் பெற்றவர்கள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். எடுத்த ஓட்டங்கள், தளத்தில் எஞ்சியவர்கள், எதிரணியின் புட்அவுட்கள் (அவர்கள் ஆட்டமிழக்கச் செய்தவை) மூன்றின் கூட்டுத்தொகையோடு அது ஒத்துப்போக வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத அட்டையில் எங்கோ பிழை இருக்கிறது.

ஸ்கோர் இல்லாத தகவல்களுக்குப் பழைய பத்திரிகைகளும் பாடசாலைச் சம்பவத் திரட்டும் கைகொடுக்கும். எல்லே போட்டி போன்றவற்றில் எழுத்துப் பதிவே இல்லாமல் இருக்கலாம். அப்போது ஒருவரை ஒருவர் கேட்காத இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று வையுங்கள். 'இலங்கையில் முதன்முதலில்', 'மலையகத்தின் ஒரே' என்று வரும் வாக்கியங்களை எல்லாவற்றுக்கும் முதலில் சந்தேகியுங்கள்.

நாட்காட்டி

ஜனவரி 31 கடைசி நாள். மே இறுதி வரை வாசிப்பு. ஜூனில் இறுதிப் பட்டியல், ஒவ்வொரு நூலுக்கும் நடுவர் எழுதிய 100 சொல் குறிப்போடு. இந்தக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். வெல்லாத நால்வருக்கும் கையில் மிஞ்சுவது அதுதான், அடுத்த பதிப்பின் பின்னட்டையில் போட்டுக்கொள்வார்கள். விழா செப்டெம்பரில், இலக்கிய மாதத்தில். ஹட்டனில் டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை விழா வைக்காதீர்கள். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில் ரயிலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது பாடு. செப்டெம்பரில் மழை இருக்கும், ஆகவே மண்டபம்தான். காலை 10 மணிக்குத் தொடங்கி 1 மணிக்குள் முடித்தால் தோட்டத்துக்குத் திரும்புவோர் பஸ் பிடிக்கலாம். பிரதம அதிதிக்கு ஏழு நிமிடம், நூலாசிரியருக்குப் பதினைந்து நிமிடம். வழக்கத்துக்கு இது தலைகீழ்தான், ஆனாலும் நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டுவிட்டால் கேட்பார்கள்.

பணம்

இருக்கும் தொகையில் பாதிக்கு மேல் வென்ற நூலின் பிரதிகளை வாங்கச் செலவிடுங்கள். 40 பிரதி வாங்கி 40 தோட்டப் பாடசாலை நூலகங்களுக்குக் கொடுத்தால் எழுத்தாளருக்கு விற்பனையும் கிடைக்கும், வாசகரும் கிடைப்பார். வென்றது கையெழுத்துப் பிரதியானால் அதே பணம் அச்சுச் செலவுக்குப் போகட்டும். மீதியில் பணப்பரிசு, இறுதிப் பட்டியலில் உள்ளோரின் பயணச் செலவு, ஒரு சின்னக் கேடயம். பொன்னாடையைத் தாராளமாகக் குறைக்கலாம்.

சான்றிதழின் வாசகத்தில் ஒரு கவனம். பேஸ்போல் புகழ் மண்டபம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில், எழுத்தாளர் சங்கத்தின் விருது பெறுவோரை 'புகழ் மண்டப உறுப்பினர்' என்று பலர் தவறாக எழுதுகிறார்கள். அங்கே கௌரவிக்கப்படுவதும் உறுப்பினராவதும் வேறு. உங்கள் விருதையும் ஆண்டு, பிரிவு, நூலின் பெயரோடு எழுதுங்கள். 'தேசிய', 'அகில இலங்கை' போன்ற அடைமொழிகள் வேண்டாம். முடிந்ததும் விதிகள், வந்த நூல்களின் முழுப் பட்டியல், நடுவர் பெயர்கள், தரவரிசைத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி வாசிகசாலையில் வையுங்கள். மலைநாட்டு ஈரத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கும், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிதான் சரி. அடுத்த ஆண்டுக்கான அழைப்பை நவம்பரில் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.