மலைநகர அலுவலக வேலையா? நண்பகலுக்குள் முடியுங்கள்

மலைமேல் உள்ள சிறிய மாவட்டத் தலைநகரில் அலுவலக வேலை இருந்தால், முதல் பேருந்திலேயே சென்று நண்பகலுக்குள் முடித்துத் திரும்பும்படி திட்டமிடுங்கள். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழும்பிக் குளிர்ந்து மேகமாகத் திரள்வதால், மழையும் மூடுபனியும் பெரும்பாலும் பிற்பகலில்தான் பாதையை மறைக்கின்றன; இடியோடு மின்சாரமும் போய்விட்டால், ஒரு சான்றிதழுக்காக மறுநாளும் மலையேற நேரிடும். நகல்களைக் கீழேயே எடுத்து, முத்திரை மை ஈரத்தில் பரவாதபடி பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்வது மிக அவசியம். நாள் முழுதும் அடைமழை பெய்யும் பருவத்தில் இந்தக் கணக்கு உதவாது. குளிர்காலத்திலும் அப்படியே: இரவில் குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தாக்கில் தேங்குவதால், அடிவாரச் சாலையில் விடியற்காலையில்தான் பனிமூட்டம் அடர்ந்திருக்கும், வெயில் வந்தபின் புறப்படுவதே பாதுகாப்பானது.