பெயரில்லாத அந்தப் பார்ட்டிஷன் யாருடையது? விண்டோஸில் கண்டுபிடிக்கும் வழி

512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு மடிக்கணினியில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், சி டிரைவின் இருபுறமும் பெயரோ டிரைவ் எழுத்தோ இல்லாத துண்டுகள் (பார்ட்டிஷன்கள்) ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னால் 100 எம்பி, பின்னால் 990 எம்பி, சில மாடல்களில் அதற்கும் அப்பால் 15 ஜிபி. பெரும்பாலோர் இவற்றைக் கவனிப்பது சி டிரைவைப் பெரிதாக்கப் போகும்போதுதான். எக்ஸ்டெண்ட் வால்யூம் என்ற தேர்வு மங்கலாகிக் கிடக்கும். காலி இடம் சி-க்கு வலப்பக்கத்தில் ஒட்டியே இருந்தால்தான் அது வேலை செய்யும். நடுவில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். யார் என்று தெரியாமலே அழித்துவிட்டு, அடுத்த நாள் கணினி எழவில்லை என்று தவிப்பவர்கள் ஏராளம்.

அளவை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பார்ட்டிஷனின் வகை, அதன் உள்ளடக்கம், விண்டோஸ் அதைப் பயன்படுத்துகிறதா என்ற மூன்றில் குறைந்தது இரண்டு ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அதுவரை எதையும் அழிக்கக் கூடாது.

கீழே வரும் கட்டளைகள் ஒலிப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கமாண்ட் பிராம்ப்ட், பவர்ஷெல் இரண்டையும் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்தே திறக்க வேண்டும்.

முதல் பார்வை

விண்டோஸ் விசையும் எக்ஸ் விசையும் சேர்த்து அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள பட்டியலை விடக் கீழே உள்ள படம்தான் பயன்படும். எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது அதில்தான் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் ஹெல்தி என்ற சொல்லை அடுத்து அடைப்புக்குறிக்குள் வருவதை அப்படியே எழுதி வையுங்கள். இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் (கணினியை எழுப்பும் கோப்புகள்), ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் பழுதானால் மீட்கும் கருவிகள்), ஓஇஎம் பார்ட்டிஷன் (கணினித் தயாரிப்பாளர் வைத்தது) என்று இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. இவற்றின் மேல் வலது கிளிக் செய்தால் ஹெல்ப் மட்டும் வரும். அது கோளாறு அல்ல, தவறுதலாக அழித்துவிடாதபடி போடப்பட்ட பூட்டு.

இங்கே இரண்டு சொற்கள் குழப்பும். சிஸ்டம் என்று குறித்திருப்பதில் இருப்பது கணினியை எழுப்பும் பூட் லோடர். பூட் என்று குறித்திருப்பதில் இருப்பது விண்டோஸ். பெயர்கள் தலைகீழாகத் தோன்றினாலும் மைக்ரோசாஃப்ட் நெடுங்காலமாக இப்படித்தான் எழுதுகிறது. ஆகவே சிஸ்டம் என்ற குறி உள்ள சின்னத் துண்டை "வெறும் 100 எம்பிதானே" என்று நினைத்து விடாதீர்கள்.

அளவு துப்பு மட்டும்தான், ஆனால் நல்ல துப்பு. ஃபேட்32 என்ற கோப்பு முறையில் (வட்டில் கோப்புகளை அடுக்கும் ஒழுங்கு) 100 எம்பி அல்லது 260 எம்பி என்றால் பெரும்பாலும் இஎஃப்ஐ பார்ட்டிஷன். 4கே செக்டார் வட்டுகளில் ஃபேட்32 அதற்குக் குறைவாக அமையாது என்பதால்தான் அந்த 260. பார்ட்டிஷன் அட்டவணையைப் பழைய எம்பிஆர் முறையில் எழுதிய வட்டில் தொடக்கத்தில் சிஸ்டம் ரிசர்வ்டு என்ற பெயரில் ஒன்று இருக்கும்: விண்டோஸ் 7-இல் 100 எம்பி, விண்டோஸ் 8-இல் 350 எம்பி, விண்டோஸ் 10-இல் 500 எம்பி அளவில். என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் 450 எம்பி முதல் 1 ஜிபி வரை என்றால் விண்டோஸின் ரெக்கவரி. பத்து ஜிபிக்கு மேல் போனால், கணினித் தயாரிப்பாளர் வைத்த தொழிற்சாலைப் பிரதியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வால்யூம் பெயர் இருந்தால் இன்னும் எளிது. டெல் கணினிகளில் வின்ஆர்இடூல்ஸ், இமேஜ், டெல்சப்போர்ட், லெனோவாவில் சிஸ்டம்_டிஆர்வி, வின்ஆர்இ_டிஆர்வி, எச்பியில் எச்பி_டூல்ஸ், பழைய ஏசரில் பிக்யூசர்வீஸ்.

வகையைக் கேட்டு வாங்குதல்

டிஸ்க் மேனேஜ்மென்ட் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறை வட்டில் எம்எஸ்ஆர் எனப்படும் மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்டு பார்ட்டிஷன் (விண்டோஸ் 10, 11-இல் 16 எம்பி, பழையவற்றில் 128 எம்பி) அங்கே தெரியவே தெரியாது. அதற்கு கமாண்ட் பிராம்ப்ட்டில் ஓடும் டிஸ்க்பார்ட் என்ற கருவி வேண்டும். வரிசையாக:

டிஸ்க்பார்ட்
லிஸ்ட் டிஸ்க்
செலக்ட் டிஸ்க் 0
லிஸ்ட் பார்ட்டிஷன்
செலக்ட் பார்ட்டிஷன் 4
டீடெயில் பார்ட்டிஷன்

விண்டோஸ் இருக்கும் வட்டு எப்போதும் 0 ஆகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இரண்டு எஸ்எஸ்டி உள்ள கணினியில் மாறியிருக்கலாம். அளவை ஒப்பிட்டு, டீடெயில் டிஸ்க் கொடுத்து மாடல் பெயரையும் பாருங்கள். 512 ஜிபி என்று விற்ற வட்டு இங்கே 476 ஜிபி என்றுதான் தெரியும். விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது. லிஸ்ட் டிஸ்க்கில் ஜிபிடி என்ற கடைசிப் பத்தியில் நட்சத்திரம் இருந்தால் அது ஜிபிடி வட்டு, இல்லையென்றால் எம்பிஆர்.

டிஸ்க்பார்ட்டுக்குள் இருக்கும்போது க்ளீன் என்ற சொல்லை மட்டும் தட்டவே கூடாது. "உறுதியா?" என்று அது கேட்காது. தேர்ந்தெடுத்த வட்டின் பார்ட்டிஷன் அட்டவணை அந்த நொடியே போய்விடும். பார்த்து முடித்ததும் எக்ஸிட் கொடுத்து வெளியே வந்துவிடுங்கள்.

டீடெயில் பார்ட்டிஷன் காட்டும் டைப் என்ற வரிதான் முக்கியம். ஜிபிடி வட்டில் அது ஒரு நீளமான குறியீடு. முதல் எட்டு எழுத்துகள் போதும் (திரையில் ஆங்கிலத்தில் தெரிவதை ஒலிப்படி எழுதியிருக்கிறோம்):

சி12ஏ7328: இஎஃப்ஐ சிஸ்டம்
இ3சி9இ316: எம்எஸ்ஆர்
டிஇ94பிபிஏ4: ரெக்கவரி
இபிடி0ஏ0ஏ2: சாதாரணத் தரவு, சி, டி போன்றவை
0எஃப்சி63டிஏஎஃப்: லினக்ஸ் கோப்பு முறை
0657எஃப்டி6டி: லினக்ஸ் ஸ்வாப்
ஏஎஃப்9பி60ஏ0: டைனமிக் டிஸ்க்கின் தரவு
இ75சிஏஎஃப்8எஃப்: ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்
7சி3457இஎஃப்: ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ்

எம்பிஆர் வட்டில் இதே வரியில் இரண்டே எழுத்து. 07 என்றால் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட், 0சி என்றால் ஃபேட்32, 27 என்றால் மறைத்து வைத்த ரெக்கவரி, 82 லினக்ஸ் ஸ்வாப், 83 லினக்ஸ், 42 டைனமிக் டிஸ்க். 84 என்று வந்து, அளவும் ரேம் அளவை ஒட்டி இருந்தால் அது இன்டெல் ரேப்பிட் ஸ்டார்ட் வசதிக்கான உறக்கநிலை இடம்.

ஒரே பார்வையில் எல்லாம் வேண்டுமென்றால் பவர்ஷெல்லில் கெட்-பார்ட்டிஷன் -டிஸ்க்நம்பர் 0 | ஃபார்மட்-லிஸ்ட் * என்று கொடுங்கள். அதில் டைப் என்ற இடத்தில் அன்னோன் என்று வந்தாலும் ஜிபிடிடைப் என்ற வரியில் முழுக் குறியீடும் இருக்கும். விண்டோஸுக்குப் பெயர் தெரியவில்லை என்பதுதான் அன்னோன் என்பதன் பொருள். உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமல்ல.

வகைக் குறியீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு போன்றது அது. உள்ளே வேறு சரக்கு இருக்கலாம். லினக்ஸுக்குத் தனிக் குறியீடு வருவதற்கு முன் உருவான பார்ட்டிஷன்களில் விண்டோஸின் சாதாரணத் தரவுக் குறியீடே போடப்பட்டது. அப்படிப்பட்ட வட்டை விண்டோஸில் செருகினால் "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்ற பெட்டி எழும். கேன்சல் கொடுங்கள். அங்கே ஃபார்மட்டை அழுத்தித் தொலைந்த தரவு கொஞ்சநஞ்சமல்ல.

ரெக்கவரி இரண்டு மூன்று இருந்தால்

மேம்படுத்தி மேம்படுத்தி வந்த கணினிகளில் இது சகஜம். புதிய பதிப்பின் ரெக்கவரிக் கோப்பு பழைய துண்டில் கொள்ளவில்லை என்றால், விண்டோஸ் சி-யிலிருந்து கொஞ்சம் வெட்டிப் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். பழையதை அப்படியே விட்டுவிடும். எது உயிரோடு இருக்கிறது என்று அறிய:

ரீஏஜென்ட்சி /இன்ஃபோ

லொக்கேஷன் என்ற வரியில் ஹார்ட்டிஸ்க்0, பார்ட்டிஷன்4 என்பதுபோல வரும். அந்த எண் டிஸ்க்பார்ட்டின் எண்ணோடு ஒத்துப்போகும். டிஸ்க் மேனேஜ்மென்ட் படத்தில் கட்டங்களை எண்ணிப் பார்த்தால் தவறும். எம்எஸ்ஆர் அங்கே தெரியாததால் மூன்றாவது கட்டம் உண்மையில் நான்காவது பார்ட்டிஷனாக இருக்கும். தவறான ரெக்கவரியை அழிப்பதற்கு அடிக்கடி காரணமாவது இந்த ஓர் எண் வித்தியாசம்தான்.

ரெக்கவரி இடம் சும்மா கிடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 2024 ஜனவரியில் வந்த விண்டோஸ் 10 பாதுகாப்புப் புதுப்பிப்பு (கேபி5034441) அந்தத் துண்டில் போதிய இடமில்லாத கணினிகளில் 80070643 என முடியும் பிழையோடு நின்றது. அதை 250 எம்பி பெரிதாக்கும்படி மைக்ரோசாஃப்ட்டே வழி சொன்னது.

உள்ளே எட்டிப் பார்த்தல்

இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு மவுண்ட்வால் எஸ்: /எஸ் என்று கொடுத்தால் எஸ் என்ற எழுத்து கிடைக்கும். எக்ஸ்ப்ளோரரில் அனுமதி இல்லை என்று தடுக்கும். அதே கமாண்ட் பிராம்ப்ட்டில் டிர் எஸ்:\இஎஃப்ஐ என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட், பூட் என்ற கோப்புறைகள் இருக்கும். உபுண்டு என்று ஒன்று இருந்தால், இந்தக் கணினியில் லினக்ஸ் இருக்கிறது அல்லது முன்பு இருந்தது. அடையாளம் தெரியாத பெரிய பார்ட்டிஷனுக்கு அது வலுவான சாட்சி. பார்த்த பின் மவுண்ட்வால் எஸ்: /டி கொடுத்து எழுத்தை எடுத்துவிடுங்கள்.

மற்றவற்றுக்கு டிஸ்க்பார்ட்டில் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து அசைன் லெட்டர்=எக்ஸ், வெளியே வந்து டிர் எக்ஸ்:\ /ஏ. அந்த /ஏ இல்லாவிட்டால் மறைந்த கோப்புகள் தெரியாமல் "காலி" என்று ஏமாந்துவிடுவீர்கள். ரெக்கவரி\விண்டோஸ்ஆர்இ கோப்புறையில் வின்ஆர்இ.விம் (ரெக்கவரிக் கருவிகள் அடங்கிய கோப்பு) இருந்தால் அது ரெக்கவரிதான். முடிந்ததும் ரிமூவ் லெட்டர்=எக்ஸ்.

எழுத்து தானாகவே முளைத்த கதையும் உண்டு. 2018 ஏப்ரல் புதுப்பிப்புக்குப் பின் பல கணினிகளில் 450 எம்பி ரெக்கவரி ஒரு புது டிரைவாகத் தோன்றி, "இடம் போதவில்லை" என்று ஓயாமல் எச்சரித்தது. எழுத்தை எடுத்தால் போதும், எச்சரிக்கையும் நின்றுவிடும்.

ரா என்று வந்தால்

கோப்பு முறையின் பெயர் வர வேண்டிய இடத்தில் சில நேரம் ரா என்று தெரியும். அது ஒரு கோப்பு முறையின் பெயரல்ல. விண்டோஸால் படிக்க முடியவில்லை, அவ்வளவே. லினக்ஸாக இருக்கலாம், மறையாக்கம் செய்ததாக இருக்கலாம், என்டிஎஃப்எஸ் சிதைந்ததாகவும் இருக்கலாம். செக்டிஸ்க் இங்கே ஓடாது. முதலில் மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ் கொடுத்து விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரா என்று பாருங்கள்.

அடுத்து எச்எக்ஸ்டி என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டர், வட்டில் உள்ள பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள். வட்டைத் திறக்கும்போது ரீட்ஒன்லி என்ற தேர்வு விழுந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, பார்ட்டிஷனின் முதல் செக்டாரைப் பாருங்கள். வலப்பக்க எழுத்துப் பத்தியில் நான்காவது இடத்திலிருந்து என்டிஎஃப்எஸ் என்றோ எக்ஸ்ஃபேட் என்றோ தெரிந்தால் அதுவே. -எஃப்விஇ-எஃப்எஸ்- என்றால் பிட்லாக்கர். தொடக்கமே எல்யூகேஎஸ் என்றால் மறையாக்கம் செய்த லினக்ஸ். முதல் செக்டார் முழுவதும் வெறும் சுழியாக இருந்தாலும் அவசரப்படாதீர்கள்: லினக்ஸின் எக்ஸ்ட்4-க்கு அடையாளம் 1080-ஆவது பைட்டில்தான் வரும், 53 இஎஃப் என்று. எல்லாமே ஒழுங்கில்லாத எழுத்துக் குவியலாக இருந்தால் வெராகிரிப்ட் போன்ற மறையாக்க மென்பொருளின் வேலையாக இருக்கலாம். அதற்கு அடையாளமே கிடையாது. கணினியைப் பயன்படுத்துகிற மற்றவர்களைக் கேட்காமல் தொடாதீர்கள்.

ஹெக்ஸ் பார்க்கப் பழக்கமில்லை என்றால் லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் கணினியை எழுப்பி, நிறுவாமலேயே, டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே -எஃப் என்று கொடுங்கள். ஒவ்வொரு துண்டின் கோப்பு முறையும் பெயரும் வரிசையாக வந்துவிடும். என்டிஎஃப்எஸ் சிதைந்த நிலை என்று தெரிந்தால், மூல வட்டில் எதையும் எழுதாமல் முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள்.

அழித்தே ஆக வேண்டுமென்றால்

இஎஃப்ஐ, எம்எஸ்ஆர், சிஸ்டம் ரிசர்வ்டு மூன்றையும் விட்டுவிடுங்கள். பழைய, பயன்பாட்டில் இல்லாத ரெக்கவரியை முழு பேக்கப்புக்குப் பின் அழிக்கலாம். பூட்டு இருப்பதால் டிஸ்க்பார்ட்டில் டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு என்றே கொடுக்க வேண்டும்.

பயன்பாட்டில் உள்ள ரெக்கவரியே வழியில் நின்றால், முதலில் ரீஏஜென்ட்சி /டிசேபிள். அது வின்ஆர்இ.விம்மை சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\ரெக்கவரிக்குத் திருப்பிக் கொண்டுவரும். கோப்பு அங்கே வந்துவிட்டதா என்று டிர் /ஏ மூலம் கண்ணால் பார்த்த பிறகே துண்டை அழியுங்கள். சி-யைப் பெரிதாக்கிய பின் ரீஏஜென்ட்சி /எனேபிள். சி-யில் பிட்லாக்கர் இருந்தால் இந்தக் கடைசிக் கட்டளை மறுக்கும். அப்போது வட்டின் கடைசியில் 1 ஜிபி விட்டுத் தனி ரெக்கவரி பார்ட்டிஷன் அமைத்து, மேலே சொன்ன டிஇ94பிபிஏ4 வகைக் குறியீட்டை அதற்கு முழுமையாகக் கொடுத்த பிறகு மறுபடி எனேபிள் செய்யுங்கள். ரீஏஜென்ட்சி /இன்ஃபோவில் எனேபிள்டு என்று வர வேண்டும்.