பேரிடர் பாதித்த ஊரில் பள்ளிக்கூடம் கட்டுதல்: மனை முதல் சாவி வரை

2005 அக்டோபர் 8 காலை, ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் காஷ்மீரில் நிலம் அதிர்ந்தபோது பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பள்ளிக் கட்டடங்களுக்கு அடியிலேயே இறந்தார்கள். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்திலும் ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் சரிந்தன. அன்று சனிக்கிழமை, வார விடுமுறை என்பதால் அவை காலியாக இருந்தன. விடுமுறை நாளில் இடிந்தால்தான் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்ற நிலையில் ஒரு பள்ளியைக் கட்டக் கூடாது.

இங்கே சொல்வது செங்கல், கருங்கல் அல்லது சிமெண்ட் பிளாக்கால் உள்ளூர்க் கொத்தனார்கள் கட்டக்கூடிய ஒற்றைத்தளப் பள்ளிக்கு. மாடி வைக்க நினைத்தால் கணக்கே வேறு. ஒற்றைத்தளமானாலும் வரைபடத்தையும் கம்பி அளவுகளையும் அந்தப் பகுதியின் நில அதிர்வு, காற்று வேகம் தெரிந்த கட்டுமானப் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

மனை

பள்ளிக்கென்று இலவசமாகக் கிடைக்கும் நிலம் பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத நிலமாக இருக்கும். ஏன் வேண்டாம் என்று முதலில் கேளுங்கள். தூர்த்த குளமா, ஓடையின் பழைய தடமா, மண் சரியும் மலையடிவாரமா? ஊர்ப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரோடு மனையைச் சுற்றி நடந்து, வெள்ளம் எதுவரை ஏறியது என்று மரத்திலும் சுவரிலும் கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் மிக உயரமான அடையாளத்துக்கு மேல் குறைந்தது அரை மீட்டரில் தரைமட்டம் இருக்க வேண்டும். மூன்று மூலைகளில் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டிப் பாருங்கள். பழைய துணி, செங்கல் துண்டு, கரி வந்தால் அது கொட்டி நிரப்பிய மண். அதன்மேல் அஸ்திவாரம் நிற்காது. கெட்டியான இயல்பு மண்வரை இறங்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

வேலை நடக்கும் மாதங்களில் பிள்ளைகளுக்குத் தற்காலிக வகுப்பு தேவைப்படும். அந்தக் கொட்டகையைப் புதுக் கட்டடம் எழும் இடத்தில் போட்டுவிடாதீர்கள். பாதியில் அதைப் பிரிக்க நேர்ந்தால் படிப்பு இரண்டாம் முறை அறுபடும்.

அறையின் அளவும் வடிவமும்

ஒரு பிள்ளைக்கு 1.2 சதுர மீட்டர் என்று வையுங்கள். 40 பேருக்கு 48 சதுர மீட்டர், அதாவது 8 × 6 மீட்டர் அறை. கட்டடம் நேரான செவ்வகமாக இருக்கட்டும், நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. 'ட' வடிவத்தில் கட்டினால் முற்றம் அழகாக அமையும், ஆனால் நிலம் அதிரும்போது இரண்டு சிறகுகளும் வேறுவேறாக அசைந்து உள்மூலையில் கிழியும். முற்றம் வேண்டுமென்றால் தனித்தனிச் செவ்வகங்களாகப் பிரித்து நிறுத்துங்கள்.

ஒவ்வொரு வகுப்பறைக்கும் இரண்டு கதவுகள், இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். ஓடிவரும் நாற்பது பிள்ளைகள் அழுத்தும்போது உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது. ஒரு முறை இடிபாட்டைப் பார்த்த பிள்ளை வெளியேறும் வழி கண்ணில் படும் அறையில்தான் நிம்மதியாக உட்காரும். இதைச் செலவு மிச்சத்துக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜன்னல் விஷயத்தில் வெளிச்சமும் பலமும் மோதும். ஒரு சுவரில் கதவு ஜன்னல்களின் மொத்த அகலம் சுவர் நீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மூலையிலிருந்து முதல் திறப்புக்கு 60 செ.மீ., இரு திறப்புகளுக்கு இடையிலும் 60 செ.மீ. சுவர் வேண்டும். 8 மீட்டர் சுவரில் ஒரு மீட்டர் அகல ஜன்னல் நான்கு வைத்து, இரு ஓரங்களிலும் 70 செ.மீ. விட்டால், நடுவில் வரும் மூன்று சுவர்த் துண்டுகளுக்கும் தலா 86 செ.மீ. கிடைக்கும். நட்ட நடுத் துண்டில் வெளிப்புறமாக ஒரு முட்டுச்சுவர் எழுப்புங்கள். அவ்வளவு நீளச் சுவர் இடையில் பிடிமானம் இல்லாமல் நிற்கக் கூடாது.

பெல்ட்: பள்ளியின் உயிர் இங்கேதான்

சுவர் நொறுங்கி விழுவதைவிட, மூலையில் விட்டுப்போய் ஒவ்வொரு சுவரும் தனித்தனியாக வெளியே சாய்ந்துதான் கூரை தலையில் இறங்குகிறது. எவ்வளவு நல்ல செங்கல் வாங்கினாலும் இதைத் தடுக்காது. நான்கு சுவர்களையும் பெட்டி போலச் சேர்த்துக் கட்டும் கான்கிரீட் பெல்ட்தான் தடுக்கும். பேஸ்மெண்ட் மட்டத்தில், அதாவது அஸ்திவாரம் முடிந்து சுவர் தொடங்குமிடத்தில் ஒன்று, ஜன்னலின் அடியில் ஒன்று, கதவு ஜன்னல்களின் தலைக்கு மேல், லிண்டல் மட்டத்தில் ஒன்று, கூரை ஓடோ தகடோ என்றால் சுவர் உச்சியில் இன்னொன்று. ஜன்னலடி பெல்ட் கதவிடத்தில் நிற்பதைத் தவிர வேறெங்கும் அறுபடாமல், உள்சுவர்களிலும் சேர்த்து, முழுச் சுற்றாக ஓட வேண்டும். ஜன்னலுக்கு மேல் மட்டும் துண்டுத் துண்டாக லிண்டல் போட்டால் அது பெல்ட் ஆகாது.

பெல்ட்டின் உயரம் குறைந்தது 75 மி.மீ. முறுக்குக் கம்பி இரண்டு. சுவரின் தாங்கலில்லா நீளம் (குறுக்குச் சுவரோ முட்டுச்சுவரோ பிடிக்காமல் ஓடும் நீளம்) 5 மீட்டருக்குள் என்றால் 10 மி.மீ., 6 மீட்டர் வரை 12 மி.மீ. இரண்டையும் 6 மி.மீ. கம்பியால் 15 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கே கட்ட வேண்டும்.

கம்பி கட்டும்போது மூலையில் கூடவே நின்று பாருங்கள், தவறு அங்கேதான் நடக்கும். ஒரு சுவரின் கம்பி மூலையோடு முடியும், அடுத்த சுவரின் கம்பி அங்கிருந்து தொடங்கும், மேலே கான்கிரீட் மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. கம்பி மூலையில் வளைந்து அடுத்த சுவருக்குள் ஓடி, மூலையைத் தாண்டிய பிறகே அடுத்த கம்பியோடு சேர வேண்டும். சேரும் நீளம் கம்பியின் தடிமனைப் போல 50 மடங்கு: 12 மி.மீ. கம்பிக்கு 60 செ.மீ. தூணோ பீமோ வருமிடத்தில், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனைகளை வெறும் செங்கோணமாக விடாமல் 135 டிகிரிக்கு உள்ளே மடக்க வேண்டும். கான்கிரீட்டின் மேல்தோல் உதிர்ந்ததும் செங்கோண முனை அவிழ்ந்துவிடும். கொக்கியாக மடங்கியது அவிழாது.

ஒவ்வொரு மூலையிலும், சுவர்கள் கூடுமிடத்திலும், கதவு ஜன்னல்களின் இருபுறமும் அஸ்திவாரத்திலிருந்து மேல் பெல்ட் வரை ஒரு நிலைக்கம்பி நிற்க வேண்டும், பொதுவாக 12 மி.மீ. சுவர் எழும்போதே அதைச் சுற்றிக் கான்கிரீட் நிரப்பிக்கொண்டு போகவும். பிறகு நிரப்பலாம் என்று விட்டால் உள்ளே பொந்து விழும்.

கருங்கல் சுவரில் உள்முகமும் வெளிமுகமும் தனித்தனியாக உப்பிப் பிரியும். சுவரின் முழு அகலத்துக்கும் ஓடும் நீளக் கல்லை 60 செ.மீ. உயரத்துக்கு ஒரு வரியாக, 1.2 மீட்டருக்கு ஒன்றாக வையுங்கள்.

கலவை

பெல்ட்டுக்குச் சிமெண்ட், மணல், ஜல்லி 1 : 1½ : 3. சட்டியால் அளந்தால் ஆளுக்கு ஆள் மாறும். 40 × 35 × 25 செ.மீ. உள்ளளவில் மரப்பெட்டி செய்துகொண்டால் அதன் கொள்ளளவு 35 லிட்டர், ஒரு மூட்டை சிமெண்டுக்குச் சமம். ஒரு மூட்டைக்கு மணல் ஒன்றரைப் பெட்டி, ஜல்லி மூன்று பெட்டி, தண்ணீர் 25 லிட்டருக்கு மிகாமல். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். இளக்கமாக இருந்தால் கொட்டுவது சுலபம் என்று கூடுதலாக விடும் ஒரு குடம் தண்ணீர் பலத்தைத் தின்றுவிடும். கடற்கரை ஊர்களில் கடல் மணலும் உப்புத் தண்ணீரும் கூடவே கூடாது, உள்ளே கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே 25 மி.மீ. கவர் பிளாக் (கம்பி பலகையைத் தொடாமல் தள்ளி நிறுத்தும் சிறு கட்டை) வையுங்கள். போட்ட மறுநாளிலிருந்து குறைந்தது ஏழு நாள், வெயில் காலத்தில் பத்து நாள், ஈரச் சாக்கு போர்த்தித் தண்ணீர் விட வேண்டும்.

கூரை

புயல் கூரையை அழுத்துவதில்லை, மேலே பிடித்து இழுக்கிறது. தகட்டைச் சட்டத்தோடும், சட்டத்தைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவர் உச்சி பெல்ட்டோடும் இரும்பால் பிடிக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்றவை வீண். பெல்ட் போடும்போதே போல்ட்டுகளைப் புதைத்துவிடுங்கள். நாற்புறமும் சரியும் கூரை, 22 முதல் 30 டிகிரி சரிவில், காற்றுக்கு நன்றாக நிற்கும். முக்கோணச் சுவர் எழுப்பும் தேவையும் இல்லாமல் போகும், அதிர்வில் முதலில் விழுவது அந்தச் சுவர்தான். ஓரங்களிலும் உச்சியிலும் திருகுகளை இரட்டிப்பாக்குங்கள். தாழ்வாரக் கூரையைத் தனியாகக் கட்டுங்கள், பிய்த்துக்கொண்டு போனாலும் பெரிய கூரையை இழுத்துக்கொண்டு போகாது.

கழிப்பறை, தண்ணீர், சாய்தளம்

பெண்பிள்ளைகள் 30 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆண்பிள்ளைகள் 60 பேருக்கு ஒன்று, தனித்தனி வாசலோடு. உள்தாழ்ப்பாள் அவசியம். அது இல்லாவிட்டால் வளர்ந்த பெண்பிள்ளைகள் பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவார்கள். கிணற்றிலிருந்து கழிப்பறைக் குழி 30 மீட்டர் தள்ளி, அதன் அடி நிலத்தடி நீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருக்கட்டும். குடிக்கவும் கைகழுவவும் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 3 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர் விழும், எண்ணூறு சேரும் என்று கணக்கிடுங்கள்.

சாய்தளம் 1:12. தரை 60 செ.மீ. உயரம் என்றால் 7.2 மீட்டர் நீளம். பேரிடரில் கை கால் இழந்த பிள்ளைகள் இருக்கும் ஊரில் இதைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது, மனை வரைபடத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும்.

தங்குமிடமாகும்போது

அடுத்த வெள்ளத்தில் ஊரே இங்கேதான் வந்து தங்கும். புத்தகமும் பதிவேடும் வைக்கப் பூட்டும் அறை ஒன்று, உயரமான தட்டுகளோடு, தனியாக வேண்டும். சமையல் புகை வகுப்பறைக்குள் வராதபடி தனிக் கொட்டகை வேண்டும். சுவிட்ச் போர்டுகள் வெள்ள அடையாளத்துக்கு மேலே. பீரோக்களைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடியுங்கள்.

முடித்துக் கொடுக்கும் நாளில் வரைபடத்தின் ஒரு பிரதி ஊரிலேயே இருக்கட்டும். எங்கே பெல்ட் ஓடுகிறது என்று தெரியாமல் பின்னாளில் யாராவது ஜன்னலைப் பெரிதாக்க அதை வெட்டிவிடுவார்கள். மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் கூரைத் திருகு, வடிகால், விரிசல் பார்க்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். சாவி தலைமையாசிரியரிடம் ஒன்று, பள்ளியை ஒட்டிக் குடியிருக்கும் இரண்டு வீடுகளில் ஒவ்வொன்று. வெள்ளம் இரவிலும் வரும், ஆசிரியர் வேறு ஊரில் இருப்பார்.