கொழும்பில் புதுப் பாடகர்களையும் இசைக்குழுக்களையும் தேடிப் பிடிப்பது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் இசைக்குழு பழைய சினிமாப் பாட்டுகளை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் வந்ததும் பாதி மண்டபம் எழுந்து போய்விட்டது. அந்த இடைவெளியில் கீபோட் வாசித்த தம்பி ஒரு மெட்டை மெதுவாக எடுத்தார். நான் எங்கேயும் கேட்டிராத மெட்டு. மேடையோரம் போய், “தம்பி, இது யாற்ர பாட்டு?” என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். “என்ர பாட்டுத்தான் அண்ணா. யூடியூப்பில போட்டிருக்கிறன்” என்றார். அன்றிரவே தேடிக் கேட்டேன். இருநூறு பேர்கூட அதைப் பார்த்திருக்கவில்லை. அவ்வளவு நல்ல பாட்டு!

இப்படிப்பட்டவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க இசை ஞானம் எதுவும் தேவையில்லை. நான் செய்துவரும் முறையை அப்படியே சொல்கிறேன்.

முதல் படி: ஒரு கொப்பி, ஒரு பாட்டு

ஃபோனில் குறிப்பெடுத்தாலும் சரிதான். ஆனாலும் ஒரு கொப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன், ஏனென்றால் பெயர்களுக்கு நடுவே கோடு போட்டு இணைக்க வேண்டிவரும். அப்புறம், உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த, சினிமாவில் வராத இலங்கைப் பாட்டு ஒன்றை எடுங்கள். எந்த மொழியானாலும் பரவாயில்லை.

யூடியூப்பில் அந்தப் பாட்டின் கீழே இருக்கும் விபரக் குறிப்பை முழுதாகத் திறந்து வாசியுங்கள். பாடியவர் பெயரோடு நிறுத்த வேண்டாம். இசை, வரிகள், கித்தார், ட்ரம்ஸ், ஒலிப்பதிவு, மிக்சிங் (பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமப்படுத்தும் வேலை), படப்பிடிப்பு என்று அங்கே இருக்கும் ஒவ்வொரு பெயரையும் கொப்பியில் எழுதுங்கள்.

இது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று. 2021 இல் இலங்கைப் பாடகி யொஹானி பாடி, இந்தியா முழுக்க ஒலித்த ‘மெனிக்கே மகே ஹிதே’ என்ற சிங்களப் பாட்டு. அதற்கு முந்திய வருடமே, 2020 இல், அந்தப் பாட்டு சதீஷன் ரத்நாயக்கவின் குரலில் வெளிவந்துவிட்டது. இசை சமத் சங்கீத், வரிகள் துலான் ஏ.ஆர்.எக்ஸ். யொஹானியின் பெயரோடு நிறுத்திக்கொண்டவருக்குக் கிடைத்தது ஒரு பாட்டு. குறிப்பை வாசித்தவருக்குப் பின்தொடர இன்னும் மூன்று பேர் கிடைத்தார்கள்.

பாட்டைவிட ஆட்களைத் தேடுங்கள். கொழும்பில் இசை செய்கிறவர்களின் வட்டம் சின்னது. ஒரே ட்ரம்ஸ்காரர் மூன்று குழுக்களில் வாசிப்பார். ஒரே அறையில், ஒரே ஒலிப்பதிவாளரிடம் சிங்கள ராப்பும் தமிழ்ச் சொல்லிசையும் (ராப்பைத் தமிழில் அப்படித்தான் சொல்கிறார்கள்) ஆங்கில ரொக்கும் பதிவாகும். அந்த ஒலிப்பதிவாளரின் பெயரைத் தேடினால் ஏழெட்டுப் பேரின் வேலை ஒன்றாக வந்து விழும். எனக்கு அதிகம் பலன் தந்த வழி இதுதான்.

இரண்டாம் படி: தேடும் சொற்களை மாற்றுங்கள்

‘புதிய தமிழ்ப் பாடல்’ என்று தேடினால் தமிழ்நாட்டு சினிமாவே வரும். ‘ஈழத்துச் சொல்லிசை’, ‘இலங்கைத் தமிழ் ராப்’, ‘கொழும்பு இசைக்குழு’ என்று தேடுங்கள். அதையே ஆங்கில எழுத்திலும் ஒருமுறை அடியுங்கள். நம் ஆட்களில் பலர் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் போடுகிறார்கள். பிறகு வடிகட்டியில் ‘இந்தக் கிழமை’ அல்லது ‘இந்த மாதம்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அதைச் செய்யாவிட்டால் ஏற்கெனவே இலட்சம் பேர் பார்த்ததுதான் மேலே வரும்.

மூன்றாம் படி: ஒவ்வொரு தளத்தையும் அதன் வேலைக்குப் பயன்படுத்துங்கள்

பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை 2021 இல்தான் இலங்கைக்கு வந்தது. அதில் பாட்டுக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் பாட்டில் வேலைசெய்தவர்களின் பெயர்கள் கிடைக்கும். பாடகரின் பக்கத்தில் கீழே போனால், அவரைக் கேட்பவர்கள் வேறு யாரைக் கேட்கிறார்கள் என்ற வரிசை இருக்கும். அதில் ஓரத்தில் கிடக்கும், கேட்பவர் எண்ணிக்கை குறைந்த பெயரை முதலில் திறந்து பாருங்கள்.

பேண்ட்கேம்ப் வேறு மாதிரி, கலைஞர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே விற்கும் தளம். அங்கே ஊர்ப் பெயரை வைத்தே தேடலாம். கொழும்பு மெட்டல் குழுக்களும் மின்னணு இசை செய்பவர்களும் அங்கே கிடைப்பார்கள், தமிழ்ப் பாட்டு குறைவு. டிஜிட்டலாக வாங்கும் பாட்டுக்கு அந்தத் தளம் 15 சதவீதம் எடுக்கிறது. ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ என்று அறிவிக்கும் நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறது. வாங்குவதென்றால் அந்த நாளில் வாங்குங்கள்.

சவுண்ட்கிளவுட்டில் அரைகுறையாக முடித்த பாட்டுகளையும் போடுவார்கள். ஒருவரின் ஆரம்பத்தைக் கேட்க நல்ல இடம்.

நான்காம் படி: வீட்டைவிட்டு வெளிக்கிடுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரம் இருக்கும் பெயார்ஃபுட் தோட்டக் கஃபேயில் நேரடி இசை கேட்கலாம். கிரெகரிஸ் வீதியில் ஜெர்மன் கலாசார மையமான கோத்தே நிறுவனம், பார்ன்ஸ் பிளேஸில் பிரெஞ்சுக் கலாசார மையமான அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் இரண்டும் உள்ளூர்க் கலைஞர்களுக்கு மேடை கொடுக்கின்றன. அங்கே பல நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே இல்லை. ஜூன் 21 ஐ நாட்காட்டியில் குறித்துவையுங்கள், அது உலக இசை நாள். 1982 இல் பிரான்சில் தொடங்கிய வழக்கம். முழுநேரக் கலைஞர்களும் புதிதாக வருபவர்களும் அன்று பொது இடத்தில் இலவசமாக வாசிக்க வேண்டும் என்பதே அதன் எண்ணம். லயனல் வென்ட் அரங்கின் அறிவிப்புகளையும் பாருங்கள்.

தமிழ்ப் பக்கம் வந்தால், வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன் மண்டபம், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம். இங்கே கர்நாடகக் கச்சேரிகளும் அரங்கேற்றங்களும்தான் கூடுதலாக நடக்கும். போய்ப் பாருங்கள். பக்கவாத்தியம் வாசிக்கும் மிருதங்கக்காரரோ வயலின்காரரோ இன்னொரு நாள், பல வகை இசையைக் கலந்து வாசிக்கும் ஃபியூஷன் குழுவில் நிற்பார்.

கோயில் திருவிழா இன்னிசை இரவுகளையும் கல்யாண மண்டபங்களையும் யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். அந்த மேடைகளில் சினிமாப் பாட்டு வாசிப்பவர்கள் பிழைப்புக்காக வாசிக்கிறார்கள். அவர்களில் பலரிடம் சொந்தப் பாட்டு இருக்கிறது, யாரும் கேட்காததால் சொல்வதில்லை. நிகழ்ச்சி முடிந்து வயர் சுற்றும் நேரம்தான் கதைக்க நல்ல நேரம். “அண்ணா, நல்லா வாசிச்சீங்கள். உங்கட சொந்தப் பாட்டு எங்க கேக்கலாம்?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் மலராத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஒரு விடயம்: குறித்த நேரத்துக்குப் போங்கள். பிரதான குழு எட்டு மணிக்குத்தானே என்று ஒருமுறை ஆறுதலாகப் போனேன். முதலில் வாசித்த பிள்ளைகள் முடித்துவிட்டு கித்தாரை உறையில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் யாரோ பகிர்ந்த அரை நிமிட வீடியோவில்தான் அவர்களைக் கேட்டேன். அதற்குப் பிறகு அந்தக் குழு எங்கேயும் சேர்ந்து வாசிக்கவே இல்லை. முதல் மேடை அப்படித்தான், பிடித்தால் பிடித்தது.

ஐந்தாம் படி: மூன்று தடவை கேளுங்கள்

புதிய பாட்டை முதல் பத்து வினாடியில் தள்ளிவிடாதீர்கள். குறைந்த செலவில் பதிவுசெய்த பாட்டு, தொடக்கத்தில் மெலிந்துதான் ஒலிக்கும். முதல் தடவை வீட்டில் அமைதியாக, இரண்டாம் தடவை 100 ஆம் இலக்க பஸ்ஸில் இயர்ஃபோனோடு, மூன்றாவது சில நாள் கழித்து. மூன்றாம் தடவையிலும் பிடிக்கவில்லையா, பரவாயில்லை, பெயரை அழிக்காமல் விடுங்கள். அடுத்த பாட்டு பிடிக்கலாம்.

ஆறாம் படி: பிடித்ததைத் திருப்பிச் சொல்லுங்கள்

2024 இலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு நடைமுறை இருக்கிறது. ஒரு பாட்டு முந்திய 12 மாதங்களில் 1000 தடவையாவது ஒலித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பணம் இல்லை. ஒரு தடவை என்று கணக்கில் விழ 30 வினாடி கேட்டிருக்க வேண்டும். ஒருவரே திரும்பத் திரும்பக் கேட்டாலும் போதாது, வெவ்வேறு ஆட்களும் கேட்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 நண்பர்கள் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழு. ஆளுக்கு ஒருதடவை, கிழமைக்கு ஒருநாள் கேட்டால் வருடத்தில் 1040. ஒரு சின்ன நட்பு வட்டமே அந்த 1000 என்ற எண்ணிக்கையைத் தொட்டுவிடலாம். ஆகவே வெறும் இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள். “இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வரும் புல்லாங்குழலைக் கேள்” என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள், ஆட்கள் திறந்து கேட்பார்கள்.

அதே வரியைப் பாட்டின் கீழே கருத்தாகவும் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். பெரிய பாடகருக்கு அது ஆயிரத்தில் ஒன்று. அந்தக் கீபோட் தம்பிக்கு அதுதான் முதலாவது. எனக்கு அவர் மறுநாள் காலையே பதில் போட்டிருந்தார்: “நன்றி அண்ணா. அந்தப் பாட்டில பேஸ் கித்தார் வாசிச்சது என்ர சிநேகிதன், அவன்ர குழுவையும் கேட்டுப் பாருங்கோ.”

அந்தக் குழுவின் பெயர் இப்போது என் கொப்பியில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் வாசிக்கிறார்கள்.