கிளாஸ்ல படிக்க சைக்காலஜி புக் எப்படி எடுக்கறது

தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல, சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு ஹைஸ்கூல்ல லைஃப் ஓரியன்டேஷன்ங்கற வாழ்க்கைத் திறன் பாடம் எடுக்கறேன். கடையில முன்னாடி அடுக்கி வெச்சிருக்காங்கன்னு ஒரு சைக்காலஜி புக்க வாங்கி 11ம் கிரேடு பசங்களுக்கு குடுத்தேன், அதுல அந்த மார்ஷ்மெல்லோ கதை, காத்திருந்தா இன்னொண்ணு தருவோம்னு சொல்லி வெச்ச மிட்டாய 15 நிமிஷம் தொடாம இருந்த குழந்தைங்க பின்னாடி நல்லா வந்தாங்கன்னு, நானும் அப்படியே நடத்திட்டேன். ஒரு பொண்ணு எழுந்து கேட்டா, "வீட்ல நாலு பேர் இருந்தா, காத்திருந்தா அது மிச்சம் இருக்குமா மேம்?" எனக்கு பதில் வரல.

அப்பறம்தான் தேடி படிச்சேன். முதல்ல செஞ்ச குழந்தைங்க ஸ்டான்ஃபோர்டு யூனிவர்சிட்டியோட நர்சரில இருந்தவங்க. 2018ல 900 பேருக்கு மேல வெச்சு திரும்ப பாத்தப்ப அந்த தொடர்பு பாதியா குறைஞ்சிருச்சு, குடும்ப நிலைமையெல்லாம் கணக்குல சேத்தா இன்னும் கொறைஞ்சிருச்சு. அந்த பொண்ணு கேட்டதுதான் விஷயமே!

அதனால புக்க பின்பக்கத்துலருந்து திறங்க. நோட்ஸ் இருக்கா, ஆராய்ச்சி யார் பண்ணது, எந்த வருஷம், எத்தன பேர வெச்சுன்னு இருக்கா பாருங்க. சும்மா "விஞ்ஞானிகள் சொல்றாங்க"ன்னே போனா வேணாம். மூளைய 10 சதவீதம்தான் யூஸ் பண்றோம்னு எழுதியிருந்தா அங்கயே மூடி வெச்சிருங்க.

அடுத்து, புக் முக்கியமா எந்த ஆராய்ச்சிய நம்பி நிக்குதோ அத வேற யாராவது திரும்ப செஞ்சு பாத்தாங்களான்னு தேடுங்க. 2015ல சைக்காலஜி ஆராய்ச்சி 100ஐ திரும்ப செஞ்சு பாத்ததுல மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேலதான் தேறுச்சு. பெரிய ஆளுங்களுக்கும் இது நடக்கும், நோபல் வாங்கின டேனியல் கானமன் 2011ல வந்த தன்னோட புக்ல ப்ரைமிங் (முன்னாடி பாத்த ஒரு வார்த்தையோ படமோ நமக்கே தெரியாம நம்ம நடத்தைய மாத்தறது) பத்தி எழுதினதுல சின்ன சின்ன ஆராய்ச்சிகள ரொம்ப நம்பிட்டேன்னு 2017ல அவரே ஒத்துக்கிட்டார். அதுக்காக அந்த புக்க ஒதுக்காதீங்க, அந்த அத்தியாயத்தையும் அவர் ஒத்துக்கிட்டதையும் சேத்து பசங்க கையில குடுங்க, எனக்கு இதவிட நல்ல பாடம் தெரியல.

நம்ம நாட்டு புக் ஒண்ணாவது இருக்கணும். பும்லா கோபோடோ மடிகிசேலா, நிறவெறி ஆட்சிக் கொடுமைகள விசாரிச்ச உண்மை நல்லிணக்க கமிஷன்ல வேலை செஞ்ச சைக்காலஜிஸ்ட், அந்த ஆட்சியோட போலீஸ் கொலைப்படைக்குத் தலைவனா இருந்த யூஜீன் டி காக்க ஜெயில்ல பாத்து பேசினத வெச்சு 2003ல எழுதினது அருமையான புக். ஆனா கொலை, சித்திரவதை வரும், முதல்ல நீங்க முழுசா படிங்க. நம்ம தாத்தா பாட்டிங்கள வீட்ட விட்டு எழுப்பி சாட்ஸ்வொர்த்துக்கு தள்ளினதும் அதே நிறவெறி ஆட்சிதான், பசங்களுக்கு வீட்டு ஞாபகம் வரும், அழுவாங்க, அதுக்கு நேரம் ஒதுக்குங்க, படிக்க முடியலன்னு சொல்ற பிள்ளைக்கு வேற அத்தியாயம் ரெடியா வெச்சிருங்க.

எல்லாருக்கும் புக் வாங்க வேண்டியதில்ல, விலை தாங்காது, லைப்ரரில ரெண்டு மூணு காப்பி எடுத்து ஒரு அத்தியாயம் சத்தமா படிச்சாலே ரெண்டு வாரம் ஓடும்.