குமரி மாவட்ட ரயில் தபால் வரலாறு: தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய தவறு, "வெள்ளைக்காரன் காலத்திலேயே நாகர்கோவிலுக்கு ரயிலில் தபால் வந்தது" என்று எழுதிவிடுவது. குமரி மாவட்டத்துக்குள் ரயில் நுழைந்ததே 1979-ல், திருவனந்தபுரம் பாதை வழியாக. திருநெல்வேலிப் பாதை 1981-ல் திறந்தது. அதற்கு முன் தபால் பை ரயிலில் வந்தால் திருநெல்வேலியிலோ, 1918-க்குப் பிறகு என்றால் திருவனந்தபுரத்திலோ இறங்கித்தான் ஆக வேண்டும். மிச்ச தூரம் சாலை. ஆகவே ஸ்டேஷனைத் தேடாதீர்கள். பை திருநெல்வேலிச் சாலையில் ஆரல்வாய்மொழி வழியாக வந்ததா, திருவனந்தபுரம் சாலையில் களியக்காவிளை வழியாக வந்ததா என்று தேடுங்கள். நம் ஊர்த் தபால் கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, சென்னை ஆவணங்களை மட்டும் புரட்டுவது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தவர்கள். 1951 வரை சமஸ்தானத்துக்கென்றே தனி அஞ்சல் சேவை ஓடியது, பிரிட்டிஷ் இந்தியத் தபாலும் கூடவே ஓடியது. சங்கு முத்திரையும், சக்கரம் என்ற திருவிதாங்கூர் நாணயக் கணக்கில் விலையும் உள்ள ஸ்டாம்பு சமஸ்தான அஞ்சலுடையது. அதை ரயில் தபால் கணக்கில் சேர்த்தால் எல்லாம் குழம்பிவிடும். சமஸ்தானக் கோப்புகளுக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

அங்கே தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக மாற்ற எல்லாவற்றுக்கும் 825 கூட்டிவிடுகிறார்கள். ஆண்டு பிறப்பது சிங்க மாதத்தில், ஆகஸ்டு நடுவில். அங்கிருந்து டிசம்பர் முடிய 824-தான் கூட்ட வேண்டும். 1100 சிங்கம் என்றால் 1924.

ஆர்.எம்.எஸ். (ரயில்வே தபால் சேவை) முத்திரையைப் பார்த்ததும் ஓடும் வண்டியில் ஊர்வாரியாகப் பிரித்த கடிதம் என்று முடிவுகட்டுவதும் தவறு. ஸ்டேஷன் பக்கத்து ஆபீஸில் பிரித்ததற்கும் அதே பெயர்தான். வண்டியில் குத்திய முத்திரையில் பெரும்பாலும் செக்ஷன் (வண்டி ஓடும் தடம்) எழுத்தும் எண்ணும், போகும் திசையைச் சொல்லும் 'இன்' அல்லது 'அவுட்' என்பதும், செட் (ஊழியர் குழு) எண்ணும் இருக்கும். மை கலங்கியிருந்தால் லென்ஸ் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

தயவுசெய்து ஸ்டாம்புக்காக உறையை வெட்டாதீர்கள். கடிதம் எந்த வழியில் வந்தது, என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் பின்பக்க முத்திரையில்தான் இருக்கும். தேதி தெரியாவிட்டால் முகவரியைப் பாருங்கள்: 629-ல் தொடங்கும் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டு 15-க்கு முந்தைய கடிதம் அல்ல.