இரவில் வாய்க்கால் கதவைத் தூக்கலாமா? கிறிஸ்தவ அறநெறி முறைகளை ஒப்பிடும் விதம்

கிளிநொச்சிப் பக்கத்தில் இளையோருக்கு வேதாகம வகுப்பு எடுக்கிறேன். கத்தோலிக்கப் பிள்ளைகளும் தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளைகளும் கலந்து வருவார்கள். அறநெறி முறைகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி விளக்கினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், மனதில் ஒன்றும் நிற்காது. ஆகவே முதலில் ஒரு வழக்கை எடுங்கள். அதையே எல்லா முறைகளிடமும் கொடுங்கள்.

நான் கொடுப்பது இது. சிறுபோகம், அதாவது வறண்ட காலத்து நெற்செய்கை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை வைத்து வருகிறது. தனியே பிள்ளைகளை வளர்க்கும் ஒரு அக்காவின் ஒரு ஏக்கர் நெல், கதிர் வெளிவரப்போகும் குடலைப் பருவத்தில் வாடுகிறது. அவருடைய முறை வர இன்னும் மூன்று நாள். இரவில் வாய்க்கால் கதவைச் சற்றுத் தூக்கினால் பயிர் தப்பும். தூக்கலாமா?

கட்டளையிலிருந்து தொடங்குகிறவர் கேட்பது ஒன்றுதான்: இது களவா? (களவு செய்யாதே என்பது கத்தோலிக்கருக்கு ஏழாம் கட்டளை, மற்றச் சபைகள் பலவற்றுக்கு எட்டாவது. இந்த இலக்கச் சண்டையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.) களவு என்றால் தூக்கக் கூடாது. ஆனால் நீதிமொழிகள் 6:30-31ஐயும் வாசிக்க வையுங்கள். பசிக்காகத் திருடினவனை ஆட்கள் இகழ மாட்டார்கள், பிடிபட்டால் ஏழு மடங்கு கொடுக்கவும் வேண்டும். இரக்கமும் பொறுப்பும் இரண்டு வசனத்துக்குள் வந்துவிடுகின்றன.

அப்புறம் இயற்கைச் சட்ட முறை: படைப்பின் நோக்கத்தைப் பார்த்து, எது சரி என்று அறிவால் தேடுவது. இங்கே அவசரப்படாதீர்கள். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தோமா அக்குவினாஸ், கண்கூடான, அவசரமான தேவை இருந்து, வேறு வழியே இல்லாவிட்டால் பிறர் பொருளை எடுப்பது களவே அல்ல என்றார். உலகப் பொருட்கள் எல்லாருடைய தேவைக்காகவும் படைக்கப்பட்டவை என்பது அவருடைய அடிப்படை. பிள்ளைகள் உடனே “அப்போ தூக்கலாம்” என்பார்கள். நிறுத்துங்கள். பயிர் வாடுவது பட்டினிக்குச் சமமா? வேறு வழி உண்மையில் இல்லையா? கமக்கார அமைப்பில் கேட்டாரா? தண்ணீர் போதுமான பக்கத்து வயல்காரரிடம் முறையை மாற்றிக் கேட்டாரா? வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கிறவருடைய வயல் என்ன நிலையில் இருக்கிறது? என் அனுபவத்தில், வகுப்பு சூடுபிடிப்பது இந்தக் கேள்விகளில்தான். கடைமடைக்காரரும் கணவனை இழந்தவர் என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள், பாதிப்பேர் கட்சி மாறுவார்கள்.

1966இல் ஜோசப் பிளெட்சர் என்ற அமெரிக்கக் குருவானவர் முன்வைத்த சூழ்நிலை அறநெறி, அன்பு ஒன்றே எப்போதும் நல்லது, மற்ற விதிகள் வழிகாட்டிகள் மட்டுமே என்கிறது. இளையோருக்கு இது உடனே பிடிக்கும். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. யார் மீது அன்பு என்று கேட்டால், கண்ணுக்குத் தெரிகிற அக்காவுக்குத்தான் எல்லாரும் கை தூக்குகிறார்கள். கடைமடைக்காரர் இருட்டில் நிற்கிறார். இந்த முறையை எடுத்தால், பாதிக்கப்படும் எல்லாருடைய பெயரையும் எழுதிவிட்டுத்தான் பேச விடுங்கள்.

நற்பண்பு முறை செயலைவிட ஆளைப் பார்க்கும். இன்று கதவைத் தூக்கும் கை நாளை எதற்குப் பழகும்? முறைத் தண்ணீரை ஊர் நம்புவது என்ன ஆகும்? பெரும்பாலும் கடைசியில் கேட்டால் நல்லது. முதலில் கேட்டால் பிரசங்கமாகிவிடும்.

ஒப்பிடும்போது “யார் சரி” என்று வாக்கெடுப்பு வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் எந்தத் தகவலைக் கேட்டது என்று பக்கத்தில் எழுத வையுங்கள். இரண்டு முறைகள் முரண்பட்டால், பெரும்பாலும் ஒன்று கேட்ட தகவலை மற்றது கேட்டிருக்காது. அதைத் தேடிப் பிடித்துவிட்டுத் திரும்பவும் வழக்குக்கு வாருங்கள். அப்போதும் முரண்பாடு மிஞ்சினால் அது உண்மையான முரண்பாடு. அதை மழுப்பாமல் அப்படியே கொப்பியில் விடுங்கள்.

இரண்டாவது வழக்கு வேண்டுமென்றால் காணி: வெளிநாடு போனவரின் காணியைக் காடு வெட்டிப் பல வருடம் பராமரித்தவருக்கு அதில் என்ன உரிமை? இதற்குக் கட்டளையிலிருந்து தொடங்காதீர்கள், இரண்டு பக்கமும் அதையே தூக்கிக்கொண்டு வரும். 1 இராஜாக்கள் 21இல் ஆகாப் அரசன் பறித்துக்கொண்ட நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை வாசித்துவிட்டு, நம் வழக்கில் ஆகாப் யார் என்று கேளுங்கள். ஆகாபே இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அங்கிருந்து தொடங்குங்கள்.